முதல் புடவை

சாக்கு மூட்டை கடைக்குள் வந்து இறங்கியதும் அப்பாவு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மூட்டையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

மூலையில் நின்ற நல்லம்மாளுக்குப் புல்லரித்துவிட்டது. மலேசியாவின் ஈப்போ நகரில் எத்தனையோ துணிக்கடை இருக்கிறது. எந்த முதலாளி சரக்கு மூட்டையைக் கும்பிடுகிறான்?

"சனிக்கெழமையானா சரக்கு வந்துரும், கேட்டியா? மழ பேஞ்சாலும் வெள்ளம் வந்தாலும் வந்துரும். எல்லாம் ஆத்தா கருண லா" என்றார் அப்பாவு. பேசும்போது இரண்டு தங்கப் பற்களும் பக்தியோடு மின்னின.

நல்லம்மாள் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவள். எழுபத்தெட்டாம் வருஷம் மரத்தையெல்லாம் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். பெண்களுக்கு மிஞ்சியது, முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு விஷ மருந்து அடிக்கிற வேலைதான்.

அந்த மருந்தை முகர்ந்து இருமிச் சாவதைவிடத் தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய்ப் புடவை விற்கலாம் என்று அவள் கிளம்பினாள். தோட்டமே சிரித்தது. "பால் வாளி தூக்குன கைக்குப் புடவ யாவாரமா?" என்று கேட்டவர்களில் அவள் புருஷனும் ஒருவன்.

அப்பாவுவும் ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர்தான். இப்போது சொந்தக் கடை, வாசலில் டட்சன் கார். தோட்டம் தோட்டமாக மேடையேறி, "நான் முன்னேறல? நீங்களும் முன்னேறுங்க!" என்று முழங்குவார். எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார், அதற்குள் மாலை போட ஆள் வந்துவிடும்.

அந்த முழக்கத்தை நம்பித்தான் நல்லம்மாள் போன மாதம் முதல்முறையாக அவரைத் தேடி வந்தாள். அவர் ஒரு மஞ்சள் புடவையை எடுத்து நீட்டினார்.

"யாவாரம் தொடங்குற ஆளு மொதப் புடவைய ஆத்தாவுக்குச் சாத்தணும். எங்கிட்ட வர்ற எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன். ஒங்க தோட்டத்துக் கோயில்லயே சாத்து, அப்புறம் பாரு!" என்றார். புத்திமதி இலவசம். புடவைக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

ஆத்தா கட்டுகிற புடவை மொட்டையாக இருக்கலாமா? நல்லம்மாள் உட்கார்ந்து முந்தானையில் பச்சை நூலால் குஞ்சம் முடிந்தாள். பாதியில் நூல் தீர்ந்துபோக, மீதிக்குச் சிவப்பு நூலைப் போட்டாள். போன வெள்ளிக்கிழமை அதைக் கோயில் பண்டாரத்திடம் கொடுத்து, ஆத்தா மேல் சாத்தியதைக் கண்குளிரப் பார்த்தாள்.

இன்று விற்பனைக்குச் சரக்கு எடுக்க வந்திருக்கிறாள். கம்மலை விற்ற காசு இடுப்பு முடிச்சில் இருக்கிறது. இந்தக் காசும் போனால் அப்புறம் மருந்து டின்தான்.

"எப்படிண்ணே இவ்ளோ மூராவா குடுக்குறீங்க? மத்த கடையில இதே புடவைக்கு ரெண்டு மடங்கு சொல்றானுங்க."

"மனசு சுத்தமா இருந்தா சரக்கு தன்னால வரும், தங்கச்சி."

அந்த நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த கூட்டம். "நீயே மூட்டைய அவுத்து வேண்டியத எடுத்துக்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மறந்து ஓடினார் அந்தச் சுத்த மனசுக்காரர்.

நல்லம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். குப்பென்று கற்பூர வாசனை அடித்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை. வேறு நிறமே இல்லை. அடியில் ஒரு மஞ்சள் முந்தானை எட்டிப்பார்த்தது. பாதிக் குஞ்சம் பச்சை, பாதி சிவப்பு.

"அண்ணே!"

கல்யாணக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. விழுந்தடித்து ஓடிவந்த அப்பாவு, அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது நான் ஆத்தாவுக்குச் சாத்துன புடவ! என் கையால முடிஞ்ச குஞ்சம்! பண்டாரம் அங்க அவுத்து மூட்ட கட்டுறான், நீங்க இங்க புதுசுன்னு விக்கிறீங்க. வாங்குன ஆளையே திரும்பக் கோயிலுக்கு அனுப்புறீங்க. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலா?"

"மெதுவா பேசு, தங்கச்சி... ஆளுங்க இருக்காங்க."

நல்லம்மாளின் கண் சிவந்திருந்தது. பால் நிறுக்கையில் எடையைக் குறைத்து எழுதிய கணக்கு கிராணியை வாளியால் அடிக்கப் போனவள் அவள். அந்தக் கதை அப்பாவுவுக்கும் தெரியும்.

"வெளிய சொல்லிறாத. தோட்டத்துல தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டாங்க. நீ என்ன கேட்டாலும் செய்றேன்." அப்பாவு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அன்றைக்கு அவர் மனசாரக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

நல்லம்மாள் கையிலிருந்த புடவையைப் பார்த்தாள். வாசலில் நின்ற அவருடைய டட்சன் காரைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குனிந்து மூட்டையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க தோட்டத்துக் கோயில் சரக்க இனிமே எனக்கு விட்டுருங்கண்ணே."