கோடு போட்ட கிளாஸ்

கம்பளைப் பாதைச் சோதனைச் சாவடியில் சிப்பாய் சத்தியபாமாவின் கைப்பையைக் கவிழ்த்தபோது முதலில் உருண்டு வந்தது ஒரு சாராயக் கிளாஸ். மூக்குக் கண்ணாடியும் கஞ்சி போட்ட பருத்திச் சேலையுமாக நின்ற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணியிடம் அவன் என்னென்னவோ எதிர்பார்த்திருப்பான். இதை எதிர்பார்க்கவில்லை.

அடையாள அட்டையைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகத் தொடங்கியாச்சா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவனிடமும் காட்டிச் சிரித்தான்.

அது 1995. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் இருந்தால் அரை மணி நேரமாவது மறித்து வைக்கிற காலம். குடிகாரியால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தானோ என்னவோ, இரண்டே நிமிடத்தில் விட்டுவிட்டான். சத்தியபாமாவும் மறுத்துப் பேசவில்லை. மானம் போனால் போகட்டும், பஸ் போய்விடக் கூடாது.

உண்மையில் அது ஆராய்ச்சிக் கிளாஸ். பெண்களின் குடிப்பழக்கத்தையும் மனநிலையையும் பற்றிக் கண்டியில் வருடக் கணக்காக நடந்துவந்த ஓர் ஆய்வில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் கொஞ்சம்தான் என்பார்கள். அதனால் கோடுகள் போட்ட கிளாஸைக் கையில் கொடுத்து, தண்ணீரை ஊற்றிக் குடித்துக் காட்டச் சொல்வார்கள்.

குடிக்கிறவர்களை வருடாவருடம் போய்ப் பார்ப்பார்கள். குடிக்காதவர்களின் பெயரை முதல் வருடமே வெட்டிவிடுவார்கள். இது சத்தியபாமா போகிற தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். அங்கே குடியிருக்கிற அங்கம்மாவுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

"வாங்க மிஸ்," என்று இருந்த ஒரே கதிரையையும் துடைத்துப் போட்டாள் அங்கம்மா. பிளேன்டீ வந்தது. படிவம் விரிந்தது. இது ஒன்பதாவது வருடம், கேள்விகள் அதேதான்.

சனிக்கிழமையென்றால் இரண்டு டிராம் சாராயம், தீபாவளிக்குக் கால் போத்தல் என்று அங்கம்மா தயங்காமல் ஒப்புவித்தாள். வாசலில் குந்தியிருந்த அவள் புருஷன் கறுப்பையா இதைக் கேட்டுக் கூச்சப்பட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமானான்.

அடுத்தது கிளாஸ். அங்கம்மா விளிம்புவரை தண்ணீரை ஊற்றினாள். முந்தானையைச் சுற்றிக் கிளாஸைப் பிடித்து, இரண்டு ஊது ஊதி, மிடறு மிடறாகக் குடித்துக் காட்டினாள். சத்தியபாமா குனிந்தபடியே பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

பிறகு மனசைப் பற்றிய கேள்விகள். நித்திரை வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா. இந்தப் பகுதிக்கு அங்கம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டும்.

"யாழ்ப்பாணத்தில இருந்து அம்மாவின்ர கடிதம் வந்து அஞ்சு மாசம், அக்கா. நித்திரை எங்க வாறது?" என்றாள் சத்தியபாமா.

எண்பத்து மூன்று கலவரத்தில் தான் வாடகைக்கு இருந்த அறை எரிந்ததை அவள் சொல்ல, அதே கிழமை பிள்ளைகளோடு தேயிலைக்குள் படுத்துக் கிடந்ததை அங்கம்மா சொல்வாள். வருடாவருடம் சொல்வதுதான். இரண்டு பேரும் கொஞ்சம் அழுவார்கள், பிறகு ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பார்கள். அதோடு இருவருக்கும் மனம் லேசாகிவிடும்.

இந்த வருடம் அங்கம்மா சிரிக்கவில்லை. மூத்த மகளுக்குப் புசல்லாவையில் நல்ல இடம் அமைந்திருந்தது. பெண்ணின் தாய் குடிகாரிகள் லிஸ்டில் இருக்கிறாள் என்று யாரோ ஒரு புண்ணியவான் மாப்பிள்ளை வீட்டில் போட்டுக்கொடுத்துவிட்டான். லிஸ்டில் பெயர் இல்லையென்று அடுத்த கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு பெண் பார்ப்பார்களாம்.

"நான் ஒரு சொட்டு வாயில வச்சதில்ல, மிஸ். இத்தன வருசமா நான் சொன்னது பூரா இவுக குடிக்கிறத," என்றாள் அங்கம்மா.

கறுப்பையா வெற்றிலைத் தட்டையும் எடுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் போய்விட்டான்.

சத்தியபாமா பென்சிலைக் கீழே வைத்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. அங்கம்மா தானாகவே சொன்னாள்.

"நல்லாத் தூங்குனியான்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல, மிஸ். குடிக்கலன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்கல்ல."

மகளின் கல்யாணத்துக்காகப் பெயரை வெட்டச் சொல்லத்தான் வேண்டும்.  முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"பேர வெட்டிடுங்க. ஆனா வெட்டிட்டா ஆபீசுல உங்கள இங்க அனுப்ப மாட்டாங்களே."

சத்தியபாமா படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். லிஸ்டில் பெயர் இல்லையென்று மாப்பிள்ளை வீட்டுக்கு நாளைக்கே கடிதம் வரும், கல்யாணத்துக்குத் தனக்கும் ஒரு அழைப்பிதழ் வேண்டும் என்றாள். அங்கம்மாவுக்கு அழுகை இன்னும் கூடியது. சத்தியபாமா கிளாஸை எடுத்து, மிச்சமிருந்த பிளேன்டீயை அதில் ஊற்றி, அவள் கையில் கொடுத்தாள்.

"எந்த ஆபீஸ் அக்கா ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புது? முதல் வருசம் நீங்க இந்தக் கிளாஸை ஊதிக் குடிச்ச அண்டைக்கே உங்கட பேரை வெட்டிப்போட்டன்."