பால் வாங்கினு வா

மண்ணூர்பேட்டை செல்போன் கடையில் என் போன் கடைக்காரர் கஜபதியின் கையில் இருக்கிறது. காலையிலிருந்து அதில் நெட் வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்குள் போன் உறைகள் சாயங்கால வெயிலில் மின்னுகின்றன. வெளியே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் விட்டு, ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கின்றன. கஜபதி டேட்டாவை அணைத்துப் போடுகிறார். சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டுகிறார். அப்போதும் வரவில்லை. "நெட்வொர்க் செட்டிங்ஸ மொத்தமா ரீசெட் அடிச்சிடலாம் அண்ணாத்தே. பழைய வைஃபை பேரெல்லாம் போயிடும், பரவால்லியா?" என்றபடி அந்தப் பெயர்களைத் திறந்தவர் சிரிக்கிறார். "இன்னாது இது? 'பால் வாங்கினு வா'. 'கோவமா கீறேன்'. யாரு மாமே இப்டி பேரு வெச்சது?"

"என் வைஃப்," என்கிறேன். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மதிவதனி தன் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயராக வைத்துவிடுவாள். மாடிப்படி ஏறும்போதே என் போனில் தெரியும், இணைத்துக்கொள்வேன். "செம ஆளுப்பா. இப்ப ஊட்லதான் கீறாங்களா?" என்கிறார். "தை மாசம் இறந்துட்டா." அவர் விரல் திரையிலிருந்து எழுகிறது. "அப்போ இத போட்டோ எடுத்து வெச்சுக்க அண்ணாத்தே. அப்பறமா அழிக்கலாம்," என்கிறார் மெதுவாக. போட்டோவில் பெயர் இருக்கும். ஆனால் போன் அதைத் தேடாது. கையை நீட்டுகிறேன். திரையைத் துடைத்துத் திருப்பித் தருகிறார். வாசலில் நின்று வைஃபையைத் திறக்கிறேன். 'பால் வாங்கினு வா' முதலில் இருக்கிறது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'அருகில் இல்லை'.