லேகியத்தைத் தேடி வந்த எறும்புகள்

ஒரு நெல்லிக்காய் லேகியத்துக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. தரச்சான்று கிடைத்தால்தான் கடைக்குப் போகலாம் என்று அதைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் அசல் நெல்லிப்பொடி.

"எறும்புகூட ஆரோக்கியம் தேடி என் டப்பாவுக்குத்தான் வரிசை கட்டுது, தம்பி" என்றது லேகியம், பொடியிடம்.

சோதனைக் கருவி இரண்டிலும் துளி எடுத்துப் பார்த்தது. பொடிக்குத் திரையில், சத்துக்கு ஒன்றாக, பல நிறத்தில் மெல்லிய கோடுகள் விழுந்தன. லேகியத்துக்குத் தடியாக ஒரு கோடு, ஓரத்தில் மங்கலாக இன்னொன்று.

"பாத்தியா, நெல்லின்னா இப்படி இருக்கணும்."

"அது சர்க்கரைங்க" என்றது கருவி. "கொஞ்சம் பூசணிக்காயும் இருக்கு. நெல்லிக்காயைத்தான் தேடிட்டே இருக்கேன்."

பொடி நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

லேகியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு? எறும்புங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."