இடது மட்கார்டு

அமலா, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

என் தம்பி இளவரசு ஆறு வயதில் எங்கள் டிராக்டரின் மட்கார்டிலிருந்து விழுந்து செத்துப்போனான். அப்பாதான் ஓட்டினார். அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டார். அம்மா அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

நாலு வருஷம் கழித்து, தண்டலத்தில் பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் அப்பா அதே டிராக்டரைப் பார்த்து வாங்கி வந்துவிட்டார். "வேற எவன்கிட்டயும் அது இருக்க வேணாம்மா" என்றார். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து தினமும் இன்ஜின் வேலை பார்த்தார். சிவப்பாக இருந்த வண்டிக்குப் பச்சை பெயிண்ட் அடிக்க ஆள் வைத்தார்.

எல்லா இடமும் காய்ந்தது. இடது மட்கார்டில் மட்டும், ஈரம் காயும் முன்னே ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து எழுந்த மாதிரி, விடிந்தால் பெயிண்ட் கலைந்திருந்தது. மூன்று முறை அடித்தாயிற்று.

"இன்னாண்ணே, வூட்ல வாலுப் பையன் எவனாச்சும் கீறானா?" என்று பெயிண்டர் சிரித்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வண்டியை விற்றுவிடச் சொல்லலாம் என்று இன்று காலை அப்பாவைத் தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். அம்மா துவைக்கிற கல்லில் இளவரசுவின் காக்கி நிக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த நிக்கர். உட்காரும் இடம் முழுக்கப் பச்சை.

"எத்தினி தபாடா சொல்றது, காயறதுக்குள்ள ஏறிக் குந்தாதன்னு? நாளைக்கு ஸ்கூலுக்கு இன்னாத்தப் போட்டுகினு போவ?"

அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டு நாலு வருஷமாகிறது. வண்டியை விற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.