ஜோக்கர் யாருக்கு?

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சீட்டுக்கட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

"பெரிய வித்தைக்காரர்! புத்தகத்துல அத்தனை வித்தை இருந்தும், நெனச்ச சீட்டை நெனச்ச கைக்கு அனுப்புற வித்தையை நான்தானே பொறுக்கிக் குடுத்தேன்? கண்ணாடி முன்னாடி நின்னு ராப்பகலாப் பழகி என்னத்தைக் கிழிச்சீங்க?"



வருஷா வருஷம் சீட்டுப் போடும்போது, அண்ணன் தம்பி இருவரில் ஜோக்கர் யார் கைக்கு வருகிறதோ, அந்த வருஷம் அம்மா அவர் வீட்டில். இது அண்ணன் போட்ட சட்டம்.

"போன வருஷம் தலைவிதின்னு விட்டேன். இந்த வருஷமும் உங்க கைக்கேவா வரணும்? உங்க அண்ணி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தரையில் சிதறிய சீட்டுகளை அவன் குனிந்து பொறுக்கினான். துணிப்பையோடு மூச்சிரைக்கப் படியேறி வந்த அம்மா, மூடிய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் காதருகே பல்லைக் கடித்தாள்.

"ஏண்டா, ஜோக்கரை உன் பக்கம் தள்ளும்போது கை இப்படியா நடுங்கும்? உங்க அண்ணன் பார்த்திருந்தா என் கதி என்னடா ஆகியிருக்கும்? அடுத்த வருஷத்துக்குள்ள ஒழுங்காப் பழகித் தொலை!"