ஒரு விரற்கடை

குகை வாசலில் இருந்த ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே பாறை இடுக்கில் அவளுடைய தம்பி தலைகீழாகச் சிக்கிக் கிடக்கிறான், காலையிலிருந்து. கயிறு கிடையாது, ஹெல்மெட் கிடையாது, மூளையும் கிடையாது. செல்போன் வெளிச்சத்தை நம்பிக் கூட்டாளிகளோடு குகை பார்க்கப் போனான். அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். இவன்தான், “அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கிறேன்” என்று தலையை விட்டான். தலை போய்விட்டது. மார்பு மாட்டிக்கொண்டது.

மீட்புக் குழுவிலேயே ஒல்லியான ஆளை உள்ளே அனுப்பியிருந்தார்கள். பாறையோடு ஒட்டி ஊர்வதால் அவருக்குப் பல்லி என்று பேர். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். வெளியே மைக்கில் பேசுவது உள்ளே கேட்கும்.

“டேய், உன் காலைத்தான் பிடிச்சிருக்கேன். சாக்ஸ் துவைச்சு எத்தனை நாளாச்சு? வவ்வாலெல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகுதுடா!”

ஈனஸ்வரத்தில் ஒரு சிரிப்பு. தம்பியுடையது. உடனே “ஆ!” என்று ஒரு முனகல்.

“சாகக் கிடக்கிற பிள்ளைகிட்டயா கிண்டல்?” என்றது கூட்டம்.

அக்கா குழுத்தலைவரிடம் ஓடினாள். “சார், அந்த ஆளை வெளியே கூப்பிடுங்க. வேற யாரையாவது அனுப்புங்க.”

தலைவர் வாயில் விரலை வைத்து, மைக்கைக் காட்டினார். “மெதுவாம்மா. அவனுக்குக் கேக்கும்.”

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. “இவன் வீட்டுக்காரங்க யாராவது இருக்கீங்களா? என் சரக்கு தீர்ந்துபோச்சு. சின்ன வயசுல இவன் பண்ணின கூத்து ஏதாவது சொல்லுங்க, சீக்கிரம்!”

அக்கா மைக்கைப் பிடுங்கினாள். “உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? எங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நிக்கிறேன், உங்களுக்குக் கூத்து கேக்குதா?”

“அக்கா...” தம்பியின் குரல் நூலாக இளைத்திருந்தது. “அந்த... ஜன்னல் கதையை மட்டும்... சொல்லிடாதே...”

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து அவளுக்கு வெடித்தது.

“சொல்லுவேன்டா! ஊரே கேக்கட்டும்! ஒண்ணாங்கிளாஸ்ல ஜன்னல் கம்பிக்குள்ள தலையை விட்டு மாட்டிக்கிட்டே. அப்பா மண்டை பூரா எண்ணெயை ஊத்தி வெளியே எடுத்தார். எடுத்த கையோட என்னடா பண்ணினே? எப்படி மாட்டுச்சுன்னு பார்க்க, அடுத்த கம்பிக்குள்ள விட்டே! இன்னிக்கும் அதே புத்திதானேடா உனக்கு!”

உள்ளே பல்லி கெக்கெக்கே என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். அடக்க முடியாமல், மூச்சு மொத்தமும் தீரும்வரை சிரித்தான்.

சட்டை கிழியும் சத்தம். ஒரு அலறல். அப்புறம் ஒன்றுமே இல்லை.

அவள் கையிலிருந்து மைக் நழுவியது.

“வந்துட்டான்!” என்றது ஸ்பீக்கர்.

ஸ்ட்ரெச்சரில் தம்பி வந்தான். நெஞ்செல்லாம் சிராய்ப்பு, ஆனால் கண் திறந்திருந்தது. பின்னாலேயே பல்லி தவழ்ந்து வந்தார். தம்பியின் காலில் கட்டி இழுத்த கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

“எதுக்குங்க அந்தச் சிரிப்பு?” என்றாள் அக்கா. இப்போது குரலில் கோபம் இல்லை.

“பயந்தா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவாங்கம்மா. மார்பு விரிஞ்சு இன்னும் இறுகிடும். முழுசா வெளியே விடுடான்னு சொல்லிப் பார்த்தேன். செத்துடுவேன்னு பயந்து இன்னும் அதிகமா இழுத்தான். அதான், அவனுக்கே தெரியாம விட வச்சேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் காலை ஒரு இழுப்பு.” பல்லி தரையில் உட்கார்ந்தார். “கடைசிச் சிரிப்பு உங்களோடது.”

ஆம்புலன்ஸுக்குப் போகிற வழியில் அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சும்மா ஒரு தடவை சிரித்துப் பார்த்தாள்.

விலா எலும்பு ஒரு விரற்கடை உள்ளே போனது.

அந்த இடைவெளி வழியாகத்தான் தம்பி வந்திருந்தான்.