யோசுவன் எழுந்த அத்தியாயம்

கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, குரு போனில் ஒரு செத்தவனை எழுப்பிக்கொண்டிருந்தான்.

கயிற்றின் மறுமுனை ஜோசுவாவின் இடுப்பில் இருந்தது. ஜோசுவா சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இருந்தான்.

கழிவு உறிஞ்சும் லாரி இந்தச் சந்துக்குள் திரும்பாது என்று பட்டறைக்காரர் பரசுராமன் சொல்லிவிட்டார். அடியில் முழங்கால் அளவு வண்டல்தான் என்றும் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருப்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். சட்டம் வந்து வண்டலை அள்ளாது என்பதும் தெரியும்.

முதலில், இறுகிக் கிடக்கும் வண்டலை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். வாளி அதற்கப்புறம்தான். அதுவரை மேலே இருப்பவனுக்கு ஒரே வேலை. கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும்.

இறங்கும் முறை இன்று குருவினுடையது.

காலையில் டீக்கடையில் ஜோசுவா கதையைப் படித்துவிட்டான். அதில்தான் முறை மாறிப்போனது.

குரு போனில் தொடராக எழுதுவது மந்திரக் கதை. வேகவதி ஆற்றுக்கு அடியில் ஒரு நகரம். அதை ஆளும் மந்திரவாதியை எதிர்த்து இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் குருவேந்தன், இன்னொருவன் யோசுவன். ஆற்றுக்கு அடியில் நகரம் என்று யோசனை சொன்னதே ஜோசுவாதான். தொட்டிக்குள் இருட்டில் நிற்கும்போது என்னென்னவோ தெரியும் என்பான்.

நேற்று போட்ட அத்தியாயத்தில் யோசுவன் செத்தான். அவன் உயிர் பிரிந்த கணத்தில், அவன் சக்தியெல்லாம் குருவேந்தனிடம் வந்தது. இதுவரை எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான் என்று குரு நினைத்திருந்தான்.

"உனுக்கு பவர் வர்றதுக்கு நா சாவணுமா மச்சான்? எஸ்தர் படிச்சாள்னா இனிமே உனுக்கு சோறு போட மாட்டா, பாத்துக்க" என்றான் ஜோசுவா. பெண்டாட்டி பேரை இழுத்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வாங்கிய வடையைத் தொடவில்லை.

தொட்டி வாய்க்கு வந்ததும் குருவுக்கு முந்திச் சட்டையைக் கழற்றியவன் அவன்தான்.

"நீ மேல குந்திக்கினு என்ன எழுப்பு. நா எறங்குறேன். எழுந்துட்டனா இல்லியான்னு நடுவுல கயித்த இழுத்துக் கேப்பேன்."

குரு தலையை ஆட்டினான். தலை அப்போதே கதைக்குள் போயிருந்தது.

உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சளக், சளக். ஊறிக் கிடந்த அரக்குச் சாயம் கலங்கி, அழுகிய முட்டை நாற்றம் மேலே வந்தது. குரு துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எழுதினான்.

யோசுவனை எழுப்புவது லேசான காரியமில்லை. செத்தவன் சும்மா எழுந்து வந்தால் படிக்கிறவர்கள் காறித் துப்புவார்கள். அதற்கு ஒரு விலை வேண்டும். தன்னிடம் வந்த சக்தியையெல்லாம் குருவேந்தன் திருப்பித் தர வேண்டும். ஒரு கையில் சக்தி, ஒரு கையில் சிநேகிதன்.

மணிக்கட்டில் கயிறு ஆடியது.

"இருடா, இப்பதான் கண்ணத் தொறந்துக்கினு இருக்குற" என்றான், போனிலிருந்து பார்வையை எடுக்காமல்.

குருவேந்தன் பிணத்தின் நெஞ்சில் கை வைத்தான். கயிறு மறுபடியும் இழுத்தது. இந்தத் தடவை வெடுக்கென்று, தோள்பட்டை வரைக்கும். போன் நழுவப் பார்த்தது. அவசரக்குடுக்கை என்று குரு சிரித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் கயிறு தொந்தரவு பண்ணவில்லை.

கடைசிப் பத்தி தங்குதடையில்லாமல் வந்தது. யோசுவன் மூச்சை இழுத்தான். எழுந்து உட்கார்ந்தான். இவ்வளவு நேரமா என்று சிநேகிதனைத் திட்டினான். குரு ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்காமல் அத்தியாயத்தை ஏற்றிவிட்டான்.

ஏனாத்தூர் காலேஜில் படிக்கும் பிரவீனா என்கிற வாசகி, யோசுவனைக் கொன்றதற்காக நேற்றிலிருந்து திட்டி எழுதிக்கொண்டிருந்தவள். அவள்தான் முதலில் பதில் போட்டாள். 'அப்பாடா, வந்துட்டான்.'

இதை உடனே ஜோசுவாவிடம் சொல்ல வேண்டும். குரு கயிற்றை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, தொட்டி வாயில் குனிந்து, "எழுந்துட்டடா" என்றான்.

மண்வெட்டிச் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எழுந்து நின்று கயிற்றை இழுத்தான்.

ஜோசுவா எப்போதும் சுவரில் கால் ஊன்றி, பாதிப் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு ஏறுவான். மேலே இருப்பவனுக்குக் கயிறு லேசாக வரும்.

இன்று முழுப் பாரமும் குருவிடம் வந்தது.